ஆனி ஓண்ட்ராவின் குரல்: டப்பிங் பேசும் பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ரீலைப் பார்த்தேன். பேசும் படம் வந்ததாம், மௌனப் பட நடிகை ஆனி ஓண்ட்ராவின் வாழ்க்கை முடிந்ததாம். சோக இசையைப் போட்டு அரை நிமிஷத்தில் கதையை முடித்துவிட்டார்கள். நீயும் கீழே ஒரு அழுமூஞ்சியைப் போட்டு அனுப்பியிருக்கிறாய். டப்பிங் பேசிச் சம்பாதிக்கிறவள் நீ. இந்தக் கதை உனக்காவது சரியாகத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் இங்கே.

1929. லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இயக்குநர் ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ படத்தை மௌனப் படமாகத்தான் ஆரம்பித்தார். அதற்குள் பேசும் படத்தின் காலம் வந்துவிட்டது. பல காட்சிகளைத் திரும்ப எடுத்து அதையும் பேச வைப்பது என்று முடிவானது. கதாநாயகி ஆலிஸ் ஒரு லண்டன் கடைக்காரரின் மகள். அந்த வேஷத்தில் இருந்த ஓண்ட்ராவோ செக் பெண். இன்றைய போலந்தின் டார்னுஃப் நகரில் பிறந்து பிராகில் வளர்ந்தவர். ஆங்கிலம் பேசுவார், ஆனால் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

படம் எடுத்த பிறகு குரலைத் தனியாகப் பதிந்து சேர்க்கும் வசதி அப்போது இல்லை. அதனால் ஜோன் பாரி என்ற ஆங்கில நடிகையை வரவழைத்தார்கள். நீ திரையில் உதட்டைப் பார்த்துப் பேசுகிறாய் அல்லவா, அங்கே அது தலைகீழ். காமிராவுக்குப் படாத இடத்தில் மைக் முன்னால் நின்று பாரி வசனம் பேசுவார். அந்த நேரத்திலேயே ஓண்ட்ரா வாயை மட்டும் அசைக்க வேண்டும். முகம் ஒருத்தியுடையது, மூச்சு இன்னொருத்தியுடையது, இரண்டும் ஒரே டேக்கில் சரியாக விழ வேண்டும். ஒரு வார்த்தைக்கு நாலு தரம் லிப் சிங்க் பார்க்கிற உனக்கு இதன் கஷ்டம் நான் சொல்லியா தெரிய வேண்டும்! பாரியின் பெயரைப் படத்தில் போடவில்லை. அந்த வழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனி. பாரியின் ஆங்கிலம் பெரிய வீட்டு வரவேற்பறை ஆங்கிலம். கடைக்காரர் மகளின் வாயில் அது ஒட்டவே இல்லை. ஓண்ட்ராவின் பேச்சு பாத்திரத்துக்குப் பொருந்தாது என்று மாற்றினார்கள். மாற்றி வைத்ததும்தான் என்ன பொருந்தியது? என்னைக் கேட்டால், அயலூர் வாடையோடு அவரையே பேச விட்டிருக்கலாம்.

அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் பாராட்டிப் பேசுகிற காட்சி காலைச் சாப்பாட்டு மேஜை. முந்தின இரவு தன்னிடம் அத்துமீறிய ஓவியனை ஆலிஸ் ரொட்டிக் கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்று அந்தக் கொலையைப் பற்றியே தொணதொணக்கிறாள். கத்தி, கத்தி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மெல்ல அவளுடைய மற்ற வார்த்தைகளெல்லாம் கலங்கி முணுமுணுப்பாகிவிடுகின்றன. ‘கத்தி’ மட்டும் தெளிவாக வந்து விழுகிறது. ரொட்டியை வெட்டித் தா என்கிறார் அப்பா. ஆலிஸின் கை கத்தியை நோக்கிப் போகிறது, தயங்குகிறது, எடுக்கிறது. இன்னொரு ‘கத்தி’ ஓங்கி விழுந்ததும் கை உதறி அது தரையில் போய் விழுகிறது.

பிரிட்டிஷ் சினிமாவில் ஒலியைக் கற்பனையோடு பயன்படுத்தியதற்கு இன்றைக்கும் முதல் உதாரணமாகக் காட்டுவது இதைத்தான். அந்த நேரத்தில் ஆலிஸ் பேசுவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கண், தோள், விரல், அவ்வளவுதான். குரலைப் பறிகொடுத்தவருக்கே அந்தப் படத்தின் மிகச் சிறந்த ஒலிக்காட்சி கிடைத்தது. அங்கே பாரிக்கு அநேகமாக வேலையே இல்லை.

ஓண்ட்ராவின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. அந்தப் படத்துக்காக எடுத்த குரல் சோதனைத் துணுக்கு ஒன்று அழியாமல் இருக்கிறது. பக்கத்தில் நின்று ஹிட்ச்காக் விரசமாகக் கேலி செய்கிறார். ஓண்ட்ரா வெட்கப்பட்டுச் சிரித்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றைக்குப் பார்க்கும்போது அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் ஓண்ட்ராவின் ஆங்கிலம் நன்றாகவே புரிகிறது.

சரி, ‘வாழ்க்கை முடிந்தது’ என்ற கதைக்கு வருவோம். முடிந்தது அவருடைய ஆங்கிலப் பட வாழ்க்கை மட்டும்தான். பதின்வயதில் செக் மௌனப் படங்களில் தொடங்கியவர் அவர். இயக்குநர் கரேல் லமாச், ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர், கதாசிரியர் வாக்லாவ் வாஸ்ஸர்மன் ஆகியோரோடு சேர்ந்து நாலு பேர் கூட்டணியாகவே பெயர் வாங்கியவர். சேட்டைக்காரப் பெண் வேஷம் என்றால் கூப்பிடு ஓண்ட்ராவை. இங்கிலாந்தில் வேலை இல்லை என்றானதும் பெர்லினுக்குப் போனார். 1930-ல் ‘ஓண்ட்ரா-லமாச் ஃபிலிம்’ என்று அவர் பெயரிலேயே கம்பெனி தொடங்கிவிட்டது! ‘டி ஃப்ளேடர்மௌஸ்’ 1931, ‘கிகி’ 1932 என்று ஜெர்மன் பேசும் படங்கள் வரிசையாக வந்தன. 1931-ல் செக் நகைச்சுவை மன்னர் விளாஸ்டா புரியனோடு ‘ஓன் ஆ யேஹோ செஸ்ட்ரா’. எல்லாவற்றிலும் சொந்தக் குரல். பேசும் படம் அவரை ஒழிக்கவில்லை, ஊர் மாற்றிவிட்டது. ரீல்காரர்கள் அடுத்த வருஷத்தை எட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

ஆனால் அவரைத் தியாகச் சிலையாகவும் ஆக்கிவிடாதே. 1933-ல் குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை மணந்தார். 1936-ல் நியூயார்க்கில் ஷ்மெலிங் அமெரிக்க வீரர் ஜோ லூயிஸை வீழ்த்திய இரவு, ஓண்ட்ரா ரேடியோவில் வர்ணனை கேட்டது நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில் உட்கார்ந்து. ஹிட்லரும் இந்தத் தம்பதியை அழைத்து விருந்து வைத்தவர்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லமாச்சும் யூதரான ஹெல்லரும் பிரிட்டனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓண்ட்ரா 1941-ல் ஜெர்மனியில் ஹைன்ஸ் ரூமானோடு ‘டெர் காஸ்மான்’ என்ற நகைச்சுவைப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் கூட்டணி இப்படிச் சிதறியதுதான் எனக்கு ‘பிளாக்மெயில்’ குரல் விவகாரத்தைவிடப் பெரிய சோகமாகப் படுகிறது. போருக்குப் பிறகு சினிமா கொஞ்சம்தான். கணவரோடு ஹாம்பர்க் பக்கத்துக் கிராமமொன்றில் வாழ்ந்து 1987-ல் இறந்தார்.

ஜோன் பாரியையும் விட்டுவிடாதே. 1931-ல் ஹிட்ச்காக்கின் ‘ரிச் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் அவரே கதாநாயகி. முகமும் அவருடையது, குரலும் அவருடையது, பெயரும் போட்டார்கள்.

‘பிளாக்மெயில்’ மௌனப் படமாகவும் வெளிவந்தது தெரியுமா? அன்றைக்குப் பெரும்பாலான தியேட்டர்களில் ஒலிக்கருவி இல்லை, அதனால் அதிக இடங்களில் ஓடியது அதுதான். முதலில் அதைப் பார், அப்புறம் பேசும் படத்தைப் பார். பாரியின் குரலும் ஓண்ட்ராவின் உதடும் எந்த இடத்தில் விலகுகின்றன என்று என்னைவிட நீதான் சட்டென்று பிடிப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
சித்தப்பா