கல் வைத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கார் மறுபடி ஓடுகிறது. நேற்று டிக்கோயா வரை ஓட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் கொதிக்கவில்லை, ஹேண்ட்பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. ஹட்டன் டவுனில் காண்கிறவர்கள் எல்லாம் "கார் எப்படி?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கிற அன்புக்குத்தான் இந்த மடல்.

என் புத்தக வெளியீட்டு நாளில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் மண்டபத்தில் காத்திருந்தவர்கள். வட்டவளைக்கு மேலே அந்த ஏற்றத்தில் நடந்ததை மட்டும் நான் யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வட்டவளை மழையைப் பற்றி மலையகத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலேயே அதிகம் பெய்கிற இடங்களில் அதுவும் ஒன்று. கொழும்பு அச்சகத்திலிருந்து புத்தகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று வந்த மொரிஸ் மைனர் அங்கே வந்து நின்றுவிட்டது. போனட்டுக்குள்ளிருந்து ஆவி. பின்சீட்டு நிறையப் பெட்டிகள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் இறங்குகிறது. இறங்கி என்னவென்று பார்க்கவும் வழியில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஓர் அக்கா இதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் தட்டினார். "பிரேக்க விடுங்க ஐயா, நிக்கும்."

நின்றது. இஞ்சின் ஆறும் வரை அவரும் மழையில் நின்றார். பக்கத்துப் பீலியில் போத்தலை நிரப்பிக் கொண்டுவந்து தந்தார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் கையைக் காட்டிவிட்டுப் புறப்பட்டேன். ஒரு வளைவு தாண்டி மறுபடி ஆவி, மறுபடி நின்றது. பின்னால் வழுக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், அதே அக்கா. அந்தக் கல்லைக் கையில் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தார். கொழுந்துக் கூடையைக் கூட வந்தவர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டிருந்தார்.

ஏற்றம் தணிகிற இடம் வரை அப்படியே வந்தார். நான் நிற்பதும் அவர் கல் வைப்பதுமாக.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தேன். "கை ஈரமா இருக்கு ஐயா, புத்தகம் நனஞ்சிரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இருட்டுது, போங்க" என்றார். பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அவருடைய வீடு கீழே. பெயர் கேட்கக்கூட நேரம் தரவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொடவே 2021 வரை போராட வேண்டியிருந்த பெண்கள் இவர்கள். நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு ஒரு மாலைப்பொழுதின் பெறுமதி என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த ஏற்றத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இதுதான் கடைசிப் புத்தகம், காரையும் கொடுத்துவிடுவது என்று. அந்தக் கல் வண்டியை ஓர் அடிகூட முன்னால் தள்ளவில்லை, பின்னால் போகவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டது. இத்தனை வருஷ எழுத்தில் என்னையும் யாரோ அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கார் 1971உடன் உற்பத்தி நின்றுபோன ரகம். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது இதற்கும் நல்ல விலை சொல்லி வந்தார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் இதற்குள்தான் கிடந்தேன். இப்போது வெளிவந்த புத்தகத்தின் பெரும்பகுதி, அந்த வரிசையில் ஸ்டியரிங் மேல் கொப்பியை வைத்து எழுதியது. அச்சுக்காசும் சொந்தக்காசு, விற்பனையும் சொந்தத் தோள். மலையகத்தில் எழுத்து எப்போதும் இப்படித்தான் வீடு வீடாகப் போயிருக்கிறது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யர் துணி வியாபாரி போல உள்ளே போனார் என்பார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி, அதை மக்கள் முன்னால் தானே பாடினார். அவர்கள் நடந்த மலையில், கார் வைத்திருக்கிற நான் களைத்தேன் என்று சொல்லலாமா?

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் கலையாமல் இருந்தவர்களே, நான் வரும்வரை பாட்டும் பேச்சுமாக மேடையை நிறைத்தவர்களே, பெட்டிகளை இறக்க ஓட்டோக்களோடு ஓடி வந்த தம்பிமார்களே, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினத்திலும் கராஜைத் திறந்து கேஸ்கட் மாற்றித் தந்த மெக்கானிக் பாஸ், ரேடியேட்டருக்குக் காசு சேர்த்து என்னிடம் சொல்லாமலே கட்டிய நண்பர்கள், கடனுக்கு அச்சடித்துத் தந்து இன்னும் வாய் திறந்து கேட்காத அச்சகத்தார், எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியே வந்து பார்க்கிறேன்.

காரை விற்கமாட்டேன். பாதியில் கிடக்கிற நாவலை வரும் தைப்பொங்கலுக்குள் முடிப்பேன். இதை உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

வட்டவளைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அக்காவைக் கண்டுபிடிக்க உதவுங்கள். ஐம்பது வயது மதிக்கலாம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவருக்கான பிரதியைத் தனியே வைத்திருக்கிறேன். வாசிக்க வசதிப்படாது என்றால் நானே பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவேன்.

அப்புறம், பொகவந்தலாவை, மஸ்கெலியா நண்பர்கள் எந்தத் தோட்டத்துக்கு எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று அறிவியுங்கள். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களமோ, கோயில் வாசலோ, எதுவானாலும் சரி. புத்தகங்களோடு வந்துவிடுகிறேன்.