யூபிலி முடிவதற்குள்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
9.11.2025

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. கல்லறைத் திருநாளன்று பாட்டியின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொல்லிவிட்டு வந்தோம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பணத்தில் நீ ஒருநாளும் குறை வைத்ததில்லை. அலைபேசியில் பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். அலைபேசியில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறாய், அதனால்தான்.

நான் எழுத வந்தது, திருச்சபை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாடும் யூபிலி ஆண்டைப் பற்றி. சென்ற ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் வந்து ரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்ததை நீங்கள் மூவரும் அங்கேயும் நாங்கள் இருவரும் இங்கேயும் ஒரே நேரத்தில் பார்த்தோம். பேரன் உன் மடியில் இருந்தான், மருமகள் அவனுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைத் திறந்தவர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் போய்விட்டார். வரும் சனவரி 6-ஆம் நாள் அதை மூடப்போகிறவர் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ. மறைமாவட்டங்களில் அதற்கு முன்பே, டிசம்பர் 28-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழாவன்று முடித்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு தொடங்கியதும் திருக்குடும்ப விழாவில்தான். ஏழு வாரம்தான் இருக்கிறது. அடுத்த வழக்கமான யூபிலி 2050-இல் வரும். அப்போது உனக்கு 61 வயது, நாங்கள் இருக்க மாட்டோம்.

ஆண்டின் தொடக்கத்தில் நாம் பேசிவைத்தது உனக்கு நினைவிருக்கும். இங்கு எட்டு மணி, சார்ஜாவில் ஆறரை மணி. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் செபமாலை. பனிமய மாதா திருவிழா வரையில் அது தவறாமல் நடந்தது. அதற்குப் பிறகு நீ மட்டும் திரையில் வருகிறாய், சில நாட்களில் நீயும் வருவதில்லை. மருமகள் குளிக்கிறாள் என்றாய், வேலை முடிந்து வரவில்லை என்றாய், பேரன் தூங்கிவிட்டான் என்றாய். ஆறரை மணிக்குத் தூங்குகிற பிள்ளை அவன் இல்லை என்று அம்மா சொன்னாள். உன் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருக்கும் அவனுடைய சைக்கிளைக் காணவில்லை என்பதையும் அவள்தான் கவனித்தாள். நான் எதையும் கேட்கவில்லை. மூவரும் சேர்ந்து உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாங்கள் இருவரும் வீட்டிலேயே கடைப்பிடித்ததையும் சொல்கிறேன். அம்மாவால் பேராலயத்துப் படி ஏற முடியாது. பாவத்தின் தண்டனை முழுதும் நீங்கும் பரிபூரண பலனுக்கு அங்கு போகத்தான் வேண்டுமோ என்று அழுதாள். முதியோரும் நோயாளரும் வீட்டிலிருந்தபடியே பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லித் தங்கள் வலியை ஒப்புக்கொடுத்தாலே போதும் என்று ரோமையிலிருந்து வந்திருப்பதை வாசித்துக் காட்டிய பிறகுதான் தெளிந்தாள். பாவசங்கீர்த்தனமும் நற்கருணை நன்மையும் வேண்டுமல்லவா, பங்குச்சாமி வீட்டுக்கே வந்து கொடுத்தார். வாரத்தில் ஒருநாளாவது வீண் பொழுதுபோக்கை விட்டிருப்பதையும் அதில் தவமாகச் சொல்லியிருப்பதால் வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியை மூடிவைத்தோம். அம்மா தன் தொடரை விட்டுவிட்டாள். நான்தான் கழிவறைக்குள் வாட்ஸ்அப் பார்த்து இரண்டு முறை பிடிபட்டேன்.

யூபிலி இலச்சினையை வெட்டிச் சுரூபத்தின் அருகில் ஒட்டியிருக்கிறேன். நான்கு பேர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நிற்க, முன்னால் நிற்பவர் சிலுவையைப் பற்றியிருக்கிறார். சிலுவையின் அடி நங்கூரமாக வளைந்திருக்கிறது. கடற்கரையில் பிறந்த உனக்கு நங்கூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பத்து வயதில் தேவமாதா பிரார்த்தனையைப் புத்தகம் பார்க்காமல் முழுவதும் சொல்லிப் பீடச் சிறுவர்களிலேயே பெயர் வாங்கியவன் நீ. அக்காவின் திருமணக் கடனை முழுக்க அடைத்தவனும் நீதான். அப்படிப்பட்டவனுக்கு வீட்டாரைக் கூட்டி அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்றால் எனக்கு விளங்கவில்லை.

லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி விடுதலை அறிவிக்க வேண்டும், விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும், அவனவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டுத்தான் ஆவணி மாதத்தில் சித்தப்பாவின் கடன் பத்திரத்தைக் கிழித்தேன். நாற்பதாயிரம் ரூபாய், அதற்கு வட்டி வேறு. கிழித்ததைப் பெருமையாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அவருக்கு மன்னித்துவிட்டீர்கள், சரி, எனக்கு நீங்கள் தர வேண்டியது இன்னும் இருக்கிறதே" என்றாள்.

இதை நான் எழுத நினைத்து உட்காரவில்லை. எழுத வேண்டியதாகிவிட்டது.

2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது உனக்குப் பதினொரு வயது. அம்மாவின் அட்டியலையும் நான்கு வளையல்களையும் அவளிடம் சொல்லாமல் எடுத்துப்போய்ச் சித்தப்பாவின் படகுக்காக அடகு வைத்தவன் நான். படகும் நிலைக்கவில்லை, நகையும் ஏலத்தில் போயிற்று. அம்மா என்னை ஒரே ஒருமுறைதான் கேட்டாள். செய்த தவறு என்னுடையது என்பதால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராததைக் கோபமாக்கிக்கொண்டு, தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்தத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு, மார்ச் 12-ஆம் நாள், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) ரோமையில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்து, உன்னிடம், "தண்ணீர் வேண்டுமென்று உன் அம்மாவிடம் சொல்" என்றேன்.

ஆனாலும் செபமாலையை நான் ஒருநாளும் விடவில்லை, உங்களை முழங்காலில் நிற்க வைக்கத் தவறியதும் இல்லை. அருள் நிறைந்த மந்திரத்தின் முற்பாதியை நான் சொல்லுவேன், பிற்பாதியை அவள் சொல்லுவாள். அந்த ஆண்டு முழுவதும் எனக்கும் அவளுக்கும் இடையில் நாளொன்றுக்கு 53 முறை நடந்த பேச்சு அதுதான். பாட்டி படுத்த படுக்கையானபோது பேச வேண்டி வந்ததால் பேசினோமே தவிர, நான் மன்னிப்புக் கேட்டதால் அன்று. நடுவில் முழங்காலிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த உன்னை நான் பார்க்காமல் இல்லை. ஒரு வீட்டில் வாய் மூடிக்கொண்டு எப்படி ஆண்டு கழிப்பது என்பதை நீ எங்கே கற்றிருப்பாய் என்று, சென்ற மூன்று மாதமாக இரவில் விழித்துக்கொண்டு நினைக்கிறேன்.

கல்லறைத் திருநாளன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நீளமாகக் கேட்கத் தெரியவில்லை. அட்டியலுக்காகவும் அந்த ஆண்டுக்காகவும் என்னைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "மணி எட்டாகிறது, செபமாலையை எடுங்கள்" என்றாள். அன்று முற்பாதியை அவளைச் சொல்லச் சொல்லி, பிற்பாதியை நான் சொன்னேன். அதற்குள்ளேயே எனக்குப் பாதி மறந்து போயிருந்தது, அவள் எடுத்துக்கொடுத்தாள்.

ஆகையால் தம்பி, 28-ஆம் தேதிக்குள் ஒருநாளாவது மூவரும் சேர்ந்து உட்காருங்கள். பரிபூரண பலன், தேவரகசியங்கள் எல்லாம் இருக்கட்டும், செபமாலையில் பத்து மணிகள் மட்டும் உருட்டிச் சொன்னாலும் போதும். முற்பாதியை மருமகள் சொல்லட்டும், நீ பிற்பாதியைச் சொல். பேரனை நடுவில் உட்கார வைக்காதே, இங்கே அம்மாவோடு பேசும்படி அலைபேசியை அவன் கையில் கொடுத்துவிடு. அந்த நேரத்தில் மருமகள் வேறு எங்கேனும் இருப்பாளானால், அவள் இருக்கும் இடத்திலிருந்தே இணைந்துகொள்ளலாம். மூன்று வீட்டையும் ஒரே திரையில் கொண்டுவர அம்மாவுக்கு அக்கா கற்றுக்கொடுத்திருக்கிறாள். நாங்கள் தினமும் எட்டு மணிக்கு அலைபேசியைச் சுரூபத்தின் முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்பா