ஸ்விட்ச் தயாரிப்பாளர்களே, உங்கள் பெட்டி ஏன் இப்படிக் கத்துகிறது?

நெட்வொர்க் ஸ்விட்ச் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

பல கருவிகளைக் கேபிளால் இணைத்து, யாருக்கு வந்த டேட்டாவை அவரவர் போர்ட்டுக்கு அனுப்புகிற உங்கள் ஸ்விட்சுகளை ரேக்கில் மாட்டி, கேபிள் செருகி, ஏதாவது நின்றுபோனால் ராத்திரி எழுந்து ஓடுகிற ஆள் நான். புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எழுதவில்லை. நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருப்பதில் பாதி, பெட்டியைத் திறக்கும்போது அணைந்தே கிடக்கிறது. என் வருத்தம் அதுதான்.

ஒரு நாள் கேமராக்களைப் பற்றிப் புகார் வந்தது. படம் உறைந்து உறைந்து வருகிறதாம். போய் ரேக் முன்னால் நின்றேன். கேபிள் செருகிய எல்லாப் போர்ட்டின் பச்சை விளக்குகளும் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. ஆளே இல்லாத அறையில் சும்மா கிடக்கும் பிரிண்டரின் போர்ட்கூட. லேப்டாப்பை ஒரு காலி போர்ட்டில் செருகி பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால், எங்கோ இருக்கும், பதிவுகளைச் சேகரிக்கும் லாக் சர்வருக்குப் போக வேண்டிய டேட்டா முழுவதும் எனக்கும் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. கேமராவின் போர்ட் 100 மெகாபிட்தான். வந்து விழுந்தது அதைவிட அதிகம்.

அந்த சர்வர் வாங்கிக்கொள்ளுமே தவிர, தானாக வாயைத் திறக்காது. ஸ்விட்சுக்கோ, ஒரு மேக் முகவரியிலிருந்து (கருவியின் வன்பொருள் எண்) ஃப்ரேம் (டேட்டாத் துண்டு) வந்தால்தான் அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தெரியும். 300 விநாடி பேச்சு மூச்சு இல்லையென்றால் மறந்துவிடும். ரவுட்டர் மட்டும் ஏஆர்பி பதிவை, அதாவது எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கேட்டு எழுதி வைத்ததை, 4 மணி நேரம் பத்திரமாக வைத்திருந்தது. அதனால் அது மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் சர்வர் பதில் சொல்லவில்லை. பதில் வராததால் ஸ்விட்சின் அட்டவணையில் அந்த முகவரி இல்லை. அட்டவணையில் இல்லாத முகவரிக்கு வரும் ஃப்ரேமை வந்த வழி தவிர எல்லாப் போர்ட்டிலும் வீச வேண்டும் என்பது விதி. ரவுட்டரின் ஏஆர்பி காலத்தை 300 விநாடிக்குக் கீழே இறக்கினேன், விளக்குகள் அடங்கின. ஸ்விட்சின் நினைவுக் காலத்தை 4 மணி நேரத்துக்கு மேல் ஏற்றியிருந்தாலும் அடங்கியிருக்கும். ஆனால் போனவர் வந்தவர் முகவரியெல்லாம் அட்டவணையிலேயே தங்கிவிடும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அமைத்தவர் தவறு என்பீர்கள். பாதி சரி. ஆனால் ரவுட்டிங்கையும் ஸ்விட்சிங்கையும் ஒன்றாகச் செய்யும் பெட்டிகளிலேயே இந்த இரண்டு கடிகாரமும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டிக்குள் இருப்பதை ஒத்துப்போக வைத்து அனுப்ப என்ன தடை?

முகவரி அட்டவணை என்றாலே உங்கள் விற்பனைத் தாள் எண்ணைக் காட்டும்: 8 ஆயிரம், 16 ஆயிரம், 32 ஆயிரம். பெரும்பாலும் அது ஹேஷ் முறையில், அதாவது முகவரியை வைத்துக் கணக்குப் போட்டுக் கட்டம் ஒதுக்கி, அடுக்கிய அட்டவணை. ஒரே கட்டத்தில் பல முகவரிகள் வந்து மோதினால், மற்ற கட்டங்கள் காலியாக இருந்தாலும் அடுத்ததற்கு இடமில்லை. தாளில் உள்ள எண்ணை எட்டும் முன்பே சில முகவரிகள் வெளியே நிற்கும் என்பதைத் தாள் சொல்வதில்லை.

அது எதனால் நிரம்புகிறது என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். 1982இல் ஆர்எஃப்சி 826 என்ற இணைய ஆவணம் வகுத்த ஏஆர்பி, ‘இந்த ஐபி யாருடையது’ என்று தண்டோரா போடுகிறது. அந்தத் தண்டோரா காதில் விழும் ஒவ்வொரு ஸ்விட்சும், கேட்டவரின் மேக் முகவரியை எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணினி இந்த ஸ்விட்ச் வழியாக ஒருநாளும் யாரிடமும் பேசப்போவதில்லை. ஆனாலும் இடம் பிடித்தாயிற்று. ஐபி போல ஆயிரம் முகவரியை ஒரே வரியில் சுருக்கவும் வழியில்லை. மேக் முகவரியின் 48 பிட்டில் ஊர், தெரு என்று எதுவும் கிடையாது. வழக்கமாக முதல் 24 பிட் தயாரித்தவரைச் சொல்லும், அவ்வளவுதான். இன்றைய போன்கள் தற்காலிக முகவரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதால் அதுவும் நிச்சயமில்லை. ஆக, பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் இந்தத் தண்டோரா, எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமும் அட்டவணை வீங்கும். இரண்டும் ஒரே நோய். நீங்கள் பெரிய அட்டவணையை மருந்தாக விற்கிறீர்கள்.

பல மாடல்களில் ஒரு போர்ட்டை ட்ரங்க் (பல வி-லேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் போர்ட்) என்று சொன்ன மாத்திரத்தில் எல்லா வி-லேனுக்கும் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) கதவு திறந்துவிடுகிறது. ஒரு வி-லேனை உருவாக்கி வைத்திருந்து, அதில் ஒரு பயனர்கூட இல்லாத ஸ்விட்சுக்கும் அதன் சத்தம் முழுவதும் வந்து சேர்கிறது. ட்ரங்க் காலியாகத் தொடங்கட்டும், வேண்டியதை நான் சேர்த்துக்கொள்கிறேன். அப்புறம், ஒரு வி-லேனுக்கு ஒரு ஸ்விட்சில் இரண்டே போர்ட் இருந்தால் எந்த முகவரி எங்கே என்று கற்க வேண்டிய அவசியமே இல்லை: ஒன்றில் வந்தது மற்றதில் போகும். கற்றலைக் கையால் அணைக்கும் கட்டளையைப் பல பெட்டிகளில் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வரை எண்ணத் தெரியாதா உங்கள் மென்பொருளுக்கு?

ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் வட்டமாகி ஃப்ரேம்கள் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் ஏற்பாடு) விஷயமும் உண்டு. காலையில் யாரோ கணினியை ஆன் செய்கிறார்கள். அந்தப் போர்ட்டை எட்ஜ் (வேறு ஸ்விட்ச் இல்லாமல் கருவி மட்டும் செருகிய போர்ட்) என்று குறிக்காமல் விட்டிருந்தால், நெட்வொர்க்கின் அமைப்பே மாறிவிட்டதாக நினைத்து ஸ்விட்சுகள் கற்ற முகவரிகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டு மறுபடி வீச ஆரம்பிக்கும். எட்ஜ் போர்ட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வழி 802.1டி தரநிலையின் 2004 பதிப்பிலேயே இருக்கிறது. அதை எல்லா மாடலிலும் ஆன் செய்து அனுப்புங்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் பெரிய டேட்டா சென்டருக்கும் விற்கும்போது மட்டும் எல்லாம் தெரிகிறது உங்களுக்கு. 802.1ஏஹெச் முறையில் ஒரு மேக் முகவரிக்கு மேல் இன்னொன்றைச் சுற்றி, நடுவில் இருக்கும் ஸ்விட்சுகளுக்குப் பயனர் முகவரியே தெரியாமல் செய்கிறீர்கள். ஈவிபிஎன் (கற்ற முகவரிகளை ஸ்விட்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை) வந்த பிறகு, ஏஆர்பி கேள்விக்கு விளிம்பு ஸ்விட்சே பதில் சொல்லி, தண்டோராவை வாசலிலேயே நிறுத்துகிறது. சின்ன ஸ்விட்சுக்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (கருவிகளுக்கு ஐபி வழங்கப்படுவதை ஸ்விட்ச் கவனித்துக் குறித்து வைப்பது) அதிலும் இருக்கிறதே! எந்த ஐபி, எந்த மேக், எந்தப் போர்ட் என்று அழகாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ‘இந்த ஐபி யார்’ என்று மேலிருந்து கேள்வி வரும்போது, பட்டியலில் அது 7ஆம் போர்ட் என்று இருந்தால் 7ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா? பட்டியலில் இல்லையென்றால் பழையபடி எல்லோருக்கும் போகட்டும். வைஃபை கருவிகள் பல இந்த மாதிரி வேலையை எப்போதோ செய்ய ஆரம்பித்துவிட்டன. காற்றில் பிராட்காஸ்ட் குறைந்த வேகத்தில் ஊர்ந்துபோய், தூங்கும் போன்களையெல்லாம் எழுப்பிவிடும் என்பதால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதில் எதையும் செய்ய நேரமில்லை என்றால், அடுத்த ஃபர்ம்வேரில் இரண்டு எண்ணையாவது காட்டுங்கள். ஒவ்வொரு வி-லேனிலும் முகவரி தெரியாமல் எத்தனை ஃப்ரேமை வீசினேன். அட்டவணையில் இடம் கிடைக்காமல் எத்தனை முகவரியைத் திருப்பி அனுப்பினேன். முதல் எண் அன்று திரையில் இருந்திருந்தால், பச்சை விளக்குகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஸ்விட்சுகளோடு குடித்தனம் நடத்தும் ஒருவன்