வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இந்த ஆண்டு ஒரே மனிதரைப் படித்தோம். அயர்லாந்தின் தேசியவாதத் தலைவரும் பத்திரிகையாளருமான வில்லியம் ஓ'பிரையன் (1852–1928). அந்நாளில் அயர்லாந்தின் தன்னாட்சி இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய பார்னலை எடுத்திருக்கலாமே என்று சிலர் குறைப்பட்டார்கள். பார்னலைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய உண்டு.

தொடக்கக் கூட்டங்கள் அவருடைய நிருபர் காலத்தோடே நின்றுவிட்டன, அதில் எனக்கு வருத்தமில்லை. கார்க் மாவட்டத்து மாலோக்காரர். 'ஃப்ரீமன்ஸ் ஜர்னல்' நாளேட்டுக்காக 1877 கிறிஸ்துமஸ் சமயம் கால்டி மலைச்சாரலுக்குப் போனார். அங்கே பண்ணை முதலாளி குத்தகையை ஏற்றியிருந்தார். ஓ'பிரையன் வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய குத்தகை எவ்வளவு, புதியது எவ்வளவு என்று விசாரித்து எழுதினார். பின்னாளில் அவர் செய்த அரசியலுக்கெல்லாம் விதை அங்கேதான் என்பது என் கருத்து. 1881இல் பார்னல் தொடங்கிய 'யுனைடெட் அயர்லாந்து' ஏட்டுக்கு ஆசிரியரானார். அதே ஆண்டு கில்மெய்னம் சிறையிலிருந்தபடி, குத்தகை கட்டாதீர்கள் என்ற அறிக்கையை எழுதினார். 1883இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்.

கூட்டம் களைகட்டியது டல்லமோர் சிறைக் கதைக்குத்தான். 1887இல் அடைக்கப்பட்டவர், நான் அரசியல் கைதி, சிறை உடுப்பு போடமாட்டேன் என்றார். இரவில் அவர் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரோ சளைக்கவில்லை. கொஞ்ச நாளில், வெளியிலிருந்து கமுக்கமாக வந்துசேர்ந்த பிளார்னி கம்பளிச் சூட்டில் நின்றார்!

காரசாரமான விவாதம் 1903 நிலச் சட்டம் பற்றியது. 1902 டிசம்பரில் நில முதலாளிகளையும் குத்தகைதாரர்களின் பிரதிநிதிகளையும் டப்ளினில் ஒரே மேசையில் உட்காரவைத்ததில் ஓ'பிரையனின் பங்கு பெரிது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்த சட்டப்படி, அரசுக் கடனில் குடியானவர் நிலத்தை வாங்கி 68½ ஆண்டுகளில் அடைக்கலாம், விற்பவருக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை. முதலாளிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருடைய கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் டில்லன் எதிர்த்தார். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் டில்லன் பக்கம். நான் ஓ'பிரையன் பக்கம். நிலம் கைமாறியதே! கட்சிக்குள் ஆதரவில்லாமல் 1903இலேயே நாடாளுமன்றப் பதவியை உதறினார். பின்னர் தனிக் கட்சி கண்டு, 1910 டிசம்பர் தேர்தலில் 8 இடங்கள் பிடித்தார். 1918இல் போட்டியிடாமல், அயர்லாந்து விடுதலை கோரிய சின் ஃபெயின் கட்சிக்கு வழிவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு, அயர்லாந்துக் குத்தகைதாரர்களுக்காகப் போராடிய மைக்கேல் டேவிட்டைச் செயற்குழு முன்மொழிகிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வாக்கெடுப்புக்கு முன் கட்டிவிடவும்.

செயலாளர்