படக்கதையில் ஆண்டையும் ஊரையும் நீக்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிறமொழிப் படக்கதைகளைத் தமிழில் கொண்டுவரும்போது, சிறுவர்களுக்கு விளங்காத ஊர்ப்பெயர்களையும் ஆண்டுகளையும் வரலாற்றுக் குறிப்புகளையும் நீக்கிவிடுவதே நல்லது என்ற கருத்து தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியாகியிருந்தது. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன், அதனினும் நீண்ட காலம் காமிக்ஸ் வாசகன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன். வேறு வகைக் கதைகளுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். காலப்பயணக் கதைகளுக்கு அறவே பொருந்தாது.

பியேர் கிறிஸ்தன் எழுத, ழான்-குளோத் மெசியேர் வரைந்த 'வலேரியன்' என்ற பிரெஞ்சுத் தொடரையே எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்டெரிக்ஸ் கதைகளைத் தந்த 'பிலோத்' வார இதழில் 1967 நவம்பரில் இது தொடங்கியது. 28ஆம் நூற்றாண்டின் கேலக்ஸிட்டி நகரிலிருந்து காலத்தினூடே பயணம் செய்யும் வலேரியன், முதல் கதையிலேயே 11ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் காடு ஒன்றில் லோரலின் என்ற பெண்ணைச் சந்திக்கிறான். ஒரே கதையோடு முடிந்திருக்க வேண்டிய அப்பாத்திரம் வாசகர்களின் அன்பால் நிலைபெற்று, 2007இல் தொடரின் பெயரிலேயே இடம்பிடித்தது. பிரான்சில் இன்று பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள்.

1968இல் வெளிவந்த அடுத்த கதையில், வட துருவத்தில் ஹைட்ரஜன் குண்டுகள் வெடித்துப் பனி உருகி, கடல் பொங்கி, உலகின் கரையோர நகரங்கள் மூழ்கிவிடுகின்றன. வலேரியன் சென்று இறங்கும் நியூயார்க்கில் தெருக்களெல்லாம் நீர்; மாடமாளிகைகளின் மேல் கொடிகள் படர்ந்திருக்கின்றன. அந்தப் பேரழிவு நிகழும் ஆண்டு 1986. இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. அதே 1968 ஜனவரி 21 அன்றுதான், நான்கு ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்து சென்ற அமெரிக்க பி-52 விமானம் ஒன்று கிரீன்லாந்தின் தூலே தளத்துக்கு அருகே கடற்பனியில் விழுந்து நொறுங்கியது. அதை மனத்தில் கொண்டுதான் ஆசிரியர் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அன்றைய வாசகருக்குத் துருவப் பனியும் ஹைட்ரஜன் குண்டும் நாளிதழில் படித்த செய்தி என்று மட்டும் சொல்கிறேன். கதையில் வரும் சன் ரே என்ற கறுப்பினத் தலைவனின் தோற்றம், அக்காலத்தில் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஸ்லை ஸ்டோனை ஒத்தது. எழுத்தாளரும் ஓவியரும் அறுபதுகளில் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர்கள். அவர்கள் கண்டதும் கேட்டதும் அந்தப் படங்களில் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற பின் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்களுக்குப் படக்கதைகளைத் தமிழில் சொல்லி வருகிறேன். இக்கதையின் ஆங்கிலப் பதிப்பைப் பிரித்து வைத்திருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் படத்தின் மூலையிலிருந்த ஆண்டின் மீது விரலை வைத்து, "ஐயா, எங்க அப்பா பிறந்தது 1986லதான். அப்ப நியூயார்க் மூழ்கிடுச்சா?" என்று கேட்டான். வரைந்தவர்களுக்கு அது பதினெட்டு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த எதிர்காலம், உனக்கு அது கடந்த காலம் என்று விளக்கியதும், அவன் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினான். அந்த எண்ணை நீக்கியிருந்தால் அவன் எதைக் கேட்டிருப்பான்?

அதே கேள்வி படைப்பாளிகளையும் விடவில்லை. உண்மையான 1986 நெருங்கிவர, 1985இல் வெளியான தொகுதியில் அந்த வெடிப்பு நிகழாமலேயே தடுக்கப்படுவதாகக் கதையை அமைத்தார்கள். பேரழிவு இல்லையென்றால் அதன் வழியே உருவான கேலக்ஸிட்டியும் இல்லை. உலகைக் காப்பாற்றிய வலேரியனும் லோரலினும் தங்களுக்கென ஓர் ஊர் இல்லாதவர்களாகிறார்கள். நாட்காட்டிக்கு இவ்வளவு நேர்மையாகக் கட்டுப்பட்ட வேறொரு தொடரை நான் படித்ததில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து நடந்தது என்பதையும் அறிந்து படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இத்தொடர் மட்டுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பதிப்பில், 'பாரிஸ், ஜூலை 1789' என்று மூலத்தில் இருந்த கட்டத்தில் 'முன்னொரு காலத்தில், தொலைதூர நகரம் ஒன்றில்' என்று அச்சிட்டிருந்தார்கள். அடுத்த படத்தில் மக்கள் திரண்டு ஒரு கோட்டையைத் தாக்குகிறார்கள். அது பஸ்தீய் சிறைக்கோட்டை என்றோ, பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கம் என்றோ அறிய வழியே இல்லாமல், ஏதோ கலவரம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான். பாடநூலில் புரட்சியைப் படிக்கும் அதே பிள்ளைக்கு, கையிலிருக்கும் படக்கதையும் அதுவும் ஒன்றே எனத் தெரியாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

விளங்காததை வெட்டுவதற்குப் பதிலாக விளக்கலாம். ஒவ்வொரு இதழின் இறுதியிலும் அரைப்பக்கம் போதும்: எந்த ஆண்டு, எந்த ஊர், அங்கே என்ன நடந்தது என்று எளிய தமிழில் எழுதலாம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் படக்கதைக்குக் கீழே இத்தகைய குறிப்புக்கு நான்கு வரி ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எழுதித் தர ஆள் தேவையெனில், ஊதியம் ஏதுமின்றி நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.