விரல் வேகம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேமுக்கு விரல் வேகம் இருந்தால் போதும், மூளைக்கு வேலையே இல்லை என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நீடாமங்கலத்தில் 31 வருடம் உரக்கடை நடத்தியவன் நான். இந்த மழை விடுமுறையில் பேரன் 'எல்டன் ரிங்' ஆடியதை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.

2022-இல் ஜப்பான்காரர்கள் வெளியிட்ட விளையாட்டு அது. பேரன் தேர்ந்தெடுத்த ஆள் கோவணத்தோடு ஒரு தடியைப் பிடித்து நிற்கிறான். அவனுக்கு எட்டுக் குணங்கள், எட்டிலும் 10. லெவல் ஏற ஏற ஒவ்வொரு புள்ளி கிடைக்கும். எதில் போடுவது என்பது நம் பாடு. பையன் அத்தனையையும் பலத்தில் கொட்டிவிட்டான். கோட்டை வாசலில் மார்கிட் என்று ஒரு கொம்பு முளைத்த கிழவன். அவன் கைத்தடியால் இரண்டு போடு போட்டால் இவன் காலி. பதினேழு தடவை எண்ணினேன்.

"அடிக்கக் கை இருக்குடா தம்பி, வாங்க உடம்பு எங்கே?" என்றேன். அதற்குத்தான் 'விகர்' என்று ஒரு குணம். அது 25 ஆனால் உயிர் 800, 40-இல் 1,450, 60-இல் 1,900. அதற்குமேல் இன்னும் 39 புள்ளியைக் கொட்டி 99-க்கே போனாலும் 2,100 தான். எனக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது. பயிர் கருகருவென்று நிற்கணும் என்று, சொன்ன அளவுக்கு மேல் இன்னொரு மூட்டை யூரியா வாங்கிப் போவார்கள். பயிர் கறுக்கத்தான் செய்யும். கூடவே இலைச்சுருட்டுப் புழு வரும். கதிர் முற்றும்போது சாய்ந்து படுக்கும்.

எடையிலும் கணக்கு உண்டு. தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தாண்டிக் கவசம் மாட்டினால், ஆள் உருண்டு தப்பிக்கப் பார்த்துத் தொப்பென்று விழுகிறான். (2018-இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனபோது எங்கள் லோடுமேன்கள் சிரித்த சிரிப்பு!) தடியை இரண்டு கையாலும் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 24 இருந்தால் 36. இது தெரிந்திருந்தால் பையன் பலத்தில் அவ்வளவு கொட்டியிருக்க வேண்டாம்.

கொஞ்ச நாள் வேறு பக்கம் சுற்றி, வந்த புள்ளியையெல்லாம் விகரில் போட்டான். அடுத்த முறை கிழவன் விழுந்தான். விரல் வேகமும் வேண்டும்தான், மறுக்கவில்லை.

இந்த விளையாட்டில் தமிழ் கிடையாது. உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தக் கணக்குகளைத் தமிழில் விளக்கி எழுதினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிப்பார்கள். விகருக்கு நான் 'உயிர்ச்சத்து' என்றேன். அது வைட்டமின் மாத்திரை தாத்தா என்கிறான். நல்ல சொல் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

– ஒரு முன்னாள் உரக்கடைக்காரர்,
நீடாமங்கலம்.