பி.எச்.கியூ-9 பற்றிக் கலாவுக்கு

அன்புள்ள கலா,

உங்கள் சர்க்கரை நோய் கிளினிக்கில் வருகிற எல்லோருக்கும் இனி மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாள் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே.

ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்), மொத்தம் 27. எல்லோரும் பிடித்துக்கொள்கிற எல்லை 10; அதுவோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு. 2001-இல் வந்த ஆய்வில் அந்த எல்லை நோயுள்ளவரைப் பிடித்ததும் 88 சதவீதம், இல்லாதவரை விலக்கியதும் 88 சதவீதம். சரி, உன்னிடம் வரும் 100 பேரில் 10 பேருக்கு மனச்சோர்வு என்று வை. அவர்களில் 9 பேர் சிக்குவார்கள். மீதி 90 பேரிலும் 11 பேர் சிக்குவார்கள். பாதிக்கு மேல் வீண் எச்சரிக்கை! யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டத்தான் அந்த எண். மாத்திரை எழுத அல்ல.

உன் நோயாளிகளிடம் இது இன்னும் சிக்கல். சர்க்கரை ஏறி, இரவெல்லாம் சிறுநீருக்கு எழுகிறவர் தூக்கம், களைப்பு, பசி மூன்றிலும் 3 போட்டால் அதுவே 9. எனவே முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பார்: எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்து கிடப்பது. அவை இரண்டும் 0 என்றால் முதலில் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பார். அதற்காக மனசைக் கேட்காமல் விடாதே. மனக்கஷ்டத்தை உடம்பு நோவாகவே சொல்கிறவர்கள் நிறைய.

தாளில் உள்ளபடி 'கடந்த இரண்டு வாரம்' என்று படித்தாலும் பலர் இன்றைய நிலையைத்தான் சொல்வார்கள். 'போன அமாவாசையிலிருந்து' என்பதுபோல நாள் பிடித்துக் கேட்கச் சொல். நர்ஸ் படித்துக் காட்டும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கக் கூடாது; இருந்தால், சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்கிற ஒன்பதாவது கேள்விக்குப் பதில் 0-தான். விடுபட்ட பதிலை 0 ஆக்காதே. ஒன்றிரண்டு விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை 9-ஆல் பெருக்கு. அதற்கு மேல் என்றால் தாளையே ஒதுக்கு.

ஒன்பதாவதில் 1 இருந்தாலும், மொத்தம் 4-ஆகவே இருந்தாலும், அவர் கிளம்புமுன் நீயே பேசு. 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்கிற அலுப்பும் உயிரை மாய்க்கும் எண்ணமும் அந்த ஒரே கேள்விக்குள் அடக்கம், கேட்டால்தான் பிரியும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்றும் கேள். ஃபைலில் செருகிவிட்டு மாலையில் பார்க்கிற வழக்கம் மட்டும் வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகு 16 என்பது 13 ஆனால் முன்னேற்றம் என்று எழுதிவிடாதே. 5 புள்ளியாவது இறங்கட்டும்.

நீ வைத்திருக்கும் தமிழ்த் தாளை அனுப்பு. எட்டாவது கேள்வி மந்தமாக இருப்பதையும் நிலைகொள்ளாமல் தவிப்பதையும் சேர்த்துக் கேட்கிறது. அதில் ஒன்று விடுபட்டிருக்கிறதா பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மீனா